சுருதியை அளந்த மருத்துவர் – ஆபிரகாம் பண்டிதர்

பத்தாம் வகுப்பு மாணவி

தஞ்சை என்றதும் நம் நினைவுக்கு வருவன பெரிய கோயிலும் தலையாட்டிப் பொம்மையும்தான். அந்தத் தஞ்சையில் மருத்துவத் தொழில் செய்துவந்த ஒருவர் தமிழிசையின் சுருதிகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு, ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலாக எழுதி, தம் சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார் என்பது எங்களுக்கு இவ்வாண்டுதான் தெரியவந்தது. அதுவும் தமிழ் வகுப்பிலோ பாட்டு வகுப்பிலோ அன்று, கணிப்பொறி வகுப்பில்! அது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

அம்பத்தூரில் உள்ள நம் பள்ளிக்கு ஆவடி, திருமுல்லைவாயில் பக்கத்துத் தோழியர் மின்சார ரயிலிலும், பூவிருந்தவல்லித் தோழியர் பேருந்திலும் வந்து சேர்கிறோம். கணிப்பொறி அறையில் இருப்பவை 20 கணிப்பொறிகள். ஒவ்வொன்றின் முன்னும் இருவர் உட்காருவோம். ஏதேனும் பழுதான நாளில் மூவர். இவ்வாண்டு எங்கள் கணிப்பொறி ஆசிரியை, நிரல் எழுதக் கற்பதை இசையின் வழியே தொடங்கலாம் என்று முடிவு செய்தார்கள். இசையே தெரியாத மாணவியும் முதல் நாளே ஏதாவது ஒன்றை வாசித்துக் கேட்க வேண்டும். அதற்கேற்ற மென்பொருள் எது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை எங்கள் ஐவரிடம் ஒப்படைத்தார்கள். எங்களுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமை ஒரு மாதம்தான் நீடித்தது. நாங்கள் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். திரை முழுவதும் மேளங்களும் விளக்குகளுமாக மின்னிய ஒரு மென்பொருளை இலவசம் என்று நம்பி ஏற்றிக்கொண்டோம். அது 30 நாள்களுக்கு மட்டுமே இலவசம் என்று ஓரத்தில் சிறிய எழுத்தில் போட்டிருந்ததை ஐவரில் ஒருவரும் படிக்கவில்லை. ஆண்டு விழா வரவேற்புப் பாடலுக்காக மூன்று வாரம் உழைத்து அமைத்த இசை ஒரு திங்கட்கிழமை காலையில் பூட்டிக்கொண்டது. பணம் கட்டினால் திறக்குமாம். அன்று அழுதவர்கள் யார் யார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

இரண்டாவது தொல்லை எங்களுக்குள்ளேயே எழுந்தது. எங்கள் குழுவில் மூவர் ஆலயப் பாடகர் குழுவில் கீபோர்டோடு பாடிப் பழகியவர்கள். ஒருத்தி ஆறு ஆண்டுகளாக வீணை கற்பவள். பூட்டிக்கொண்ட அந்தப் பாடல் தோடி இராகத்தில் அமைந்தது. கணிப்பொறி வாசித்த காந்தாரம் காந்தாரமே இல்லை என்று அவள் சாதித்தாள். கட்டையில் இருக்கும் சுரத்தைத்தானே வாசிக்கிறது, இதில் தவறு எங்கே என்று மற்றவர்கள் கேட்டார்கள். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருப்பதை யார் வாசிப்பது என்று அவள் திருப்பிக் கேட்டாள். மதிய உணவு இடைவேளை முழுவதும் இதே வழக்கு. எங்கள் சத்தத்தைக் கேட்டு உள்ளே வந்த தமிழாசிரியைதான், இதே வழக்கு நூறாண்டுகளுக்கு முன்பே இந்திய இசை மேடைகளில் நடந்திருக்கிறது என்றும், அதில் முன்னே நின்றவர் ஒரு தமிழர் என்றும், அவரைப் பற்றிப் படித்துவிட்டு வந்து பிறகு சண்டையிடுங்கள் என்றும் சொன்னார்கள். அப்படிப் படித்ததைத்தான் தோழியரே, உங்களுக்குச் சொல்கிறோம்.

ஆபிரகாம் பண்டிதர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் சாம்பவர் வடகரை என்னும் சிற்றூரில் பிறந்தார். அந்நாளில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அவ்வூர் இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் முத்துசாமி, தாயார் அன்னம்மாள். கிறிஸ்தவக் குடும்பம். இளமையில் திண்டுக்கல்லுக்குச் சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றார். அங்கேதான் அவருடைய வாழ்வின் இரண்டு ஆர்வங்களும் வேர்விட்டன. ஒன்று இசை. திண்டுக்கல்லில் சடையாண்டி பட்டர் என்பவரிடம் கருநாடக இசையை முறையாகப் பயின்றார். மற்றொன்று சித்த மருத்துவம். மூலிகைகளைத் தேடிச் சுருளிமலைக்குச் சென்றவர், அங்கே கருணானந்தர் என்னும் துறவியைச் சந்தித்து அவரைத் தம் குருவாகக் கொண்டார். பிற்காலத்தில் அவர் தொடங்கிய மருந்தகம், தோட்டம், எழுதிய நூல் அனைத்தும் ‘கருணா’ என்றே தொடங்குவதைக் காணலாம். குருவின் பெயரை இத்தனை இடங்களில் எழுதிவைத்த மாணவர் வேறொருவர் உண்டா என்பது ஐயமே.

1882ஆம் ஆண்டில் ஞானவடிவு பொன்னம்மாள் என்னும் நற்பெண்மணியை மணந்தார். பிறகு தஞ்சைக்குக் குடிபெயர்ந்தார். அங்கிருந்த சீமாட்டி நேப்பியர் பெண்கள் பள்ளியில் கணவரும் மனைவியும் பணியாற்றினார்கள். இதைப் படித்தபோது எங்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி. இசையுலகம் போற்றும் பேரறிஞர் முதலில் பெண்பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியார்! தொடக்க மாணவருக்கு எதைச் சொன்னால் விளங்கும், எங்கே தடுக்கும் என்பதை அவர் அறிந்திருந்ததற்கு அந்த வகுப்பறையே காரணமாக இருக்கலாம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

பின்னர் பள்ளி வேலையை விட்டு முழுநேர மருத்துவரானார். அவருடைய சஞ்சீவி மருந்துகள் தமிழகம் கடந்தும் விற்பனையாயின. செல்வம் சேர்ந்தது. தஞ்சைக்கு வெளியே கருணானந்தபுரம் என்ற பெயரில் பெரியதொரு தோட்டம் அமைத்துப் பயிர்த்தொழிலில் புதுமுறைகளைக் கையாண்டார். அரசாங்கம் ராவ் சாகிப் பட்டம் அளித்தது. மக்கள் அளித்த பட்டம் பண்டிதர் என்பது. அதுவே பெயரோடு ஒட்டி இன்றுவரை நிற்கிறது.

செல்வம் வந்தவர்கள் பலர். அதை அவர் எதில் செலவிட்டார் என்பதில்தான் கதை இருக்கிறது.

அக்காலத்தில் பாட்டுக் கற்பது எளிதான காரியமன்று. குருவின் வீட்டில் இருந்து, அவர் வாயால் பாடக் கேட்டு, திரும்பப் பாடி, ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும். வீட்டை விட்டுச் செல்ல முடியாதவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அந்த வழி பெரும்பாலும் அடைத்தே கிடந்தது. பண்டிதர் 1907ஆம் ஆண்டில் ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என்ற நூலை வெளியிட்டார். புதிதாக இசை பயில்வோருக்காகத் தாமே இயற்றிய 96 பாடங்களைச் சுரக் குறிப்போடு அதில் தந்தார். சுரம் படிக்கத் தெரிந்தவர் எவராயினும் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவற்றைப் பயின்று பார்க்கலாம். தொடக்க மாணவிக்கேற்ற மென்பொருள் எது என்று நாங்கள் தேடிய தேட்டத்தை, அவர் காகிதத்திலும் மையிலும் தேடியிருக்கிறார்.

அச்சு வேலைக்கும் அவர் பிறர் கையை எதிர்பார்க்கவில்லை. இசை நூல் அச்சிடுவது தொல்லை பிடித்த வேலை. சுரங்களுக்கு மேலும் கீழும் புள்ளிகள் வேண்டும்; தாளத்துக்குக் கோடுகள் வேண்டும்; ஒரு புள்ளி இடம் மாறினால் மேல் ஸ்தாயி கீழ் ஸ்தாயியாகிவிடும். ஆகவே தஞ்சையிலேயே ஓர் அச்சகத்தை நிறுவினார். அந்நாளைய சென்னை ஆளுநர் சர் ஆர்தர் லாலியின் பெயரால் அது லாலி மின்சார அச்சகம் எனப்பட்டது. எங்கள் பாடல் ஒரு திங்கட்கிழமை பூட்டிக்கொண்டதே, அதை நினைத்துக்கொண்டு இந்தப் பகுதியைப் படித்தோம். பண்டிதருடைய எழுத்தை எவரும் பூட்ட முடியாது. அச்சுப்பொறி அவருடையது, சாவியும் அவருடையது.

கருநாடக இசையோடு அவர் நிற்கவில்லை. தஞ்சையில் இருந்த பிச்சைமுத்துப் பிள்ளை என்பவரிடம் மேனாட்டு இசையையும் கற்றார். எங்கள் குழுவில் பாடகர் குழுக்காரரும் வீணைக்காரியும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றோமே, அந்த இரண்டு கட்சியும் பண்டிதர் என்ற ஒரே மனிதருக்குள் இருந்தன. இரண்டையும் அறிந்ததால்தான் அவருக்கு அந்தப் பெரிய கேள்வி எழுந்தது: ஒரு ஸ்தாயிக்குள், அதாவது ச முதல் மேல் ச வரை, எத்தனை சுருதிகள் உள்ளன? அவை எந்தக் கணக்கில் அமைந்துள்ளன?

சிறு வகுப்புத் தங்கைகளுக்காக இதைச் சற்று விளக்கிவிடுகிறோம். ஒரு கம்பி வினாடிக்கு 440 முறை அதிர்ந்தால் ஓர் ஒலி. 880 முறை அதிர்ந்தால் அதன் மேல் ஸ்தாயி. சரியாக இரட்டிப்பு. இந்த ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு படிகள் வைக்க வேண்டும். ஒவ்வொரு படியும் முந்தைய படியைப்போல ஒரே மடங்காக உயர வேண்டுமானால் அந்த மடங்கு என்ன? பன்னிரண்டு முறை பெருக்கினால் 2 வரவேண்டும். விடை ஏறத்தாழ 1.05946. நம் பத்தாம் வகுப்புக் கணக்கில் வரும் பெருக்குத் தொடர்வரிசைதான் இது. 440ஐ ஒருமுறை பெருக்கினால் 466 அளவில் வரும். பன்னிரண்டாம் முறை 880இல் போய் நிற்கும். கீபோர்டிலும் கணிப்பொறியிலும் இருப்பவை இந்தப் பன்னிரண்டு சமப் படிகளே.

ஆனால் காதுக்கு இனிய பஞ்சமம் சட்சத்தைப்போல ஒன்றரை மடங்கு, அதாவது 1.5. சமப் படிக் கணக்கில் வரும் பஞ்சமமோ 1.4983. மிகச் சிறிய வேறுபாடுதான். அதை அப்படியே விட்டுவிட்டு, ஒன்றரை மடங்காகப் பஞ்சமத்துக்குப் பஞ்சமம் ஏறிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று பார்ப்போம். பன்னிரண்டு முறை ஏறினால் ஏழு ஸ்தாயி தாண்டித் தொடங்கிய சுரத்துக்கே வந்து சேர வேண்டும். 1.5ஐப் பன்னிரண்டு முறை பெருக்கிப் பார்த்தோம்; 129.75 அளவில் வந்தது. 2ஐ ஏழு முறை பெருக்கினால் 128. இரண்டும் சேரவில்லை! வளையல் மூடாமல் வாய் பிளந்து நிற்கிறது. கணிப்பொறி வகுப்பில் நாங்கள் போட்ட கணக்குகளிலேயே எங்களை மிகவும் வியக்க வைத்தது இதுதான்.

இந்த இடத்தில் பண்டிதர் கையில் எடுத்தது சிலப்பதிகாரம். உ.வே. சாமிநாத ஐயர் அதனை 1892இல் உரையோடு பதிப்பித்திருந்தார். ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரை அவர்களுக்கு இடுவாள் மாதரி. அந்த வட்டத்தைப் பன்னிரண்டு இராசி வீடுகளாகக் கொண்டு சுரங்களை நிறுத்தும் முறையை உரைகள் கூறுகின்றன. வட்டம் என்றால் அது தொடங்கிய இடத்தில் வந்து முடிய வேண்டும் அல்லவா? ஒன்றரை மடங்குக் கணக்கில் வட்டம் முடியவில்லை. சமப் படிக் கணக்கில் முடிகிறது. ஆகவே பழந்தமிழர் ஸ்தாயியைச் சமமான பன்னிரண்டு பாகங்களாகவும், அவற்றை மேலும் பகுத்து 24 சுருதிகளாகவும் கொண்டிருந்தனர் என்பது பண்டிதரின் முடிவு. வடமொழி நூல்கள் 22 சுருதி என்பதை அவர் ஏற்கவில்லை. 24இல் இரண்டைக் குறைத்துப் பாடும் ஒரு முறையே 22 என்று பிறழ உணரப்பட்டது என்று வாதிட்டார்.

கணிப்பொறி இல்லாத காலம் அது என்பதைத் தோழியர் மறக்கலாகாது. இருபத்துநான்கு முறை பெருக்கினால் 2 வரும் எண்ணைக் கையால் காண்பதென்றால் மடக்கை அட்டவணையும் பொறுமையும் வேண்டும். பண்டிதர் பக்கம் பக்கமாக எண் அட்டவணைகளை இட்டு நிரப்பினார். நாங்கள் அந்த எண்ணைக் கணிப்பானில் நான்கு பொத்தான்களைத் தட்டிக் கண்டோம்: 1.0293. தட்டிய பிறகு சற்று வெட்கமாகவும் இருந்தது.

தாம் ஒருவரே கூறிவிட்டால் போதாது, வல்லவர் அவையில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்று அவர் கருதினார். 1912ஆம் ஆண்டில் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். பல ஊர்களிலிருந்து வித்துவான்களை அழைத்து மாநாடுகள் நடத்தினார். செலவு முழுவதும் அவருடையது. மருந்து விற்ற பணம் சுருதி விசாரணைக்குப் போயிற்று. எங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அம்மா என்ன சொல்லியிருப்பார்கள் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

1916ஆம் ஆண்டில் பரோடா சமஸ்தானத்தில் முதலாவது அகில இந்திய இசை மாநாடு கூடியது. இந்துஸ்தானி, கருநாடகம் என்ற இரு முறைகளின் அறிஞரும் அங்கு வந்திருந்தனர். பண்டிதர் தம் பெண்மக்களையும் உடன் அழைத்துச் சென்றார். அவர் கட்டுரையில் கணக்கைச் சொன்னார்; அந்தப் பெண்கள் அதனை இசைத்துக் காட்டினார்கள். 1916இல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அத்தனை வித்துவான்கள் அமர்ந்திருந்த அவையில் தந்தையின் ஆராய்ச்சிக்குச் சான்று கூறியது மகளிர் குரலும் விரலும் என்றால் நமக்குப் பெருமையாக இராதா?

அந்த வழக்கில் எதிர்க்கட்சியும் வலுவானதே. மராட்டியப் பகுதியைச் சேர்ந்த தேவல் என்பவரும், கிளெமென்ட்ஸ் என்ற ஆங்கில அதிகாரியும் 22 சுருதிகளே உண்மை என்று நம்பினார்கள். அந்தச் சுருதிகள் ஒலிக்கும்படி ஒரு தனி ஆர்மோனியத்தையே செய்வித்தார்கள். பார்த்தீர்களா, கருவியைத் தேர்ந்தெடுக்கும் சண்டைதான் அங்கும்! எந்தக் கணக்கைக் கட்டைக்குள் அடைக்கிறோமோ அந்தக் கணக்கைத்தான் கட்டை பாடும். பரோடாவில் இந்த வழக்கு தீரவில்லை. பண்டிதரின் முடிவை எல்லா அறிஞர்களும் இன்றுவரை ஒப்புக்கொண்டுவிடவும் இல்லை. பழந்தமிழர் சமப் படிகளைத்தான் கொண்டிருந்தனரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இராகத்தில் சுரம் ஓரிடத்தில் நிற்காமல் அசைவதால், படிகளை எண்ணுவதே போதாது என்பாரும் உண்டு. எங்கள் வீணைக்காரி இந்தக் கடைசிக் கட்சியைச் சேர்ந்தவள் என்று இப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

1917ஆம் ஆண்டில் ‘கருணாமிர்த சாகரம்’ முதல் பகுதி வெளிவந்தது. மருத்துவம் பார்த்துக்கொண்டே, தோட்டம் கவனித்துக்கொண்டே எழுதப்பட்ட நூல். தமிழிசையின் வரலாறு, சிலப்பதிகார உரைகளின் விளக்கம், சுருதிக் கணக்கு, இசை வல்லுநர்களின் பெயர் வரிசை என்று அதில் அடங்காதது குறைவு. கையில் எடுத்தால் மணிக்கட்டு வலிக்கும் நூல் அது. நாங்கள் முழுவதும் படித்துவிட்டோம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். தமிழாசிரியையின் துணையோடு வட்டப்பாலைப் பகுதியைப் படித்தோம். அதிலும் பாதி விளங்கவில்லை. இரண்டாம் பகுதியை அச்சில் காணப் பண்டிதருக்கு ஆயுள் இல்லை. 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், தமது அறுபதாம் வயதில் காலமானார். மகள் மரகதவல்லி அம்மையார் அந்தப் பகுதியை 1946இல் வெளியிட்டார். தந்தை இறந்து 27 ஆண்டுகள் அந்தத் தாள்களைக் காத்துவைத்திருந்து அச்சேற்றிய அந்த அம்மையாரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும். பண்டிதரின் மகன் வரகுணபாண்டியனும் வீணையில் வல்லவர். யாழைப் பற்றி ‘பாணர் கைவழி’ என்ற நூலை எழுதியவர். தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் பெயரால் ஒரு சாலை இருக்கிறது.

இனி எங்கள் வழக்குக்கு வருவோம். பண்டிதரைப் படித்த பிறகு மென்பொருள்களை மறுபடியும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தோம். இம்முறை அழகைப் பார்க்கவில்லை. முதலில் சிறிய எழுத்தில் இருப்பதையெல்லாம் படித்தோம். என்றென்றும் இலவசமா, பாடல் நம் கையில் இருக்குமா, இணையம் இல்லாத நாளிலும் வேலை செய்யுமா என்று கேட்டோம். எங்கள் அறையில் மழை பெய்தால் இணையம் போய்விடும் என்பது எல்லோரும் அறிந்ததே.

கூகுளின் குரோம் மியூசிக் லேபில் உள்ள சாங் மேக்கர் மிக எளிது. கட்டத்தில் தொட்டால் வண்ணம் நிறையும், வண்ணம் ஒலிக்கும். ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தியை உட்கார வைத்தோம்; ஐந்து நிமிடத்தில் ஒரு மெட்டு அமைத்துவிட்டாள். ஆனால் அது இணையத்தில் மட்டுமே இயங்குவது. மியூஸ்ஸ்கோர் மேனாட்டு முறையில் ஐந்து கோட்டில் இசை எழுத மிக நல்லது, இலவசமும்கூட. ஆனால் அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் வகுப்பில் பாடகர் குழுவினர் மட்டுமே. எல்.எம்.எம்.எஸ். இலவசந்தான், திறந்தவுடன் ஐந்தாறு பலகணிகள் ஒன்றின்மேல் ஒன்று விரிந்து எங்களை மிரட்டின. ஆடாசிட்டியில் குரலைப் பதிவு செய்து வெட்டி ஒட்டலாம். நிரல் கற்க உதவாது. ச ரி க ம என்று எழுத்தில் அடித்தாலே வாசிக்கும் காயகா என்ற கருநாடக இசை மென்பொருளும் உண்டு. வீணைக்காரிக்கு அதை விட மனமில்லை. ஆனால் ஆசிரியைக்கு வேண்டியது நிரல் எழுதும் பயிற்சியும் சேர்ந்தது.

கடைசியில் நின்றது சோனிக் பை. சாம் ஆரன் என்பவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பள்ளிப் பிள்ளைகளை எண்ணியே உருவாக்கிய இலவச மென்பொருள் இது. ஒருமுறை ஏற்றிவிட்டால் இணையம் வேண்டாம். வண்ணக் கட்டங்கள் கிடையாது; நாமே எழுதினால்தான் ஒலிக்கும். ஒரு சுரத்துக்கு ஓர் எண். 60 என்பதைச் சட்சமாக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு சமப் படிக்கும் ஒன்று கூட்ட வேண்டும். மாயாமாளவகௌளையின் ஆரோகணம் 60, 61, 64, 65, 67, 68, 71, 72. இந்த எட்டு எண்களை அடித்ததும் சரளி வரிசையின் முதல் வரி ஒலித்தது. இடையில் நிற்கும் நேரத்தைப் பாதியாக்கினால் இரண்டாம் காலம். மறுபடியும் பாதியாக்கினால் மூன்றாம் காலம். எட்டு அட்சரத்தைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் சொல்லும் கட்டளைதான் ஆதி தாள ஆவர்த்தனம். பாட்டே கற்காத தோழியரும் முதல் வகுப்பிலேயே சரளி வரிசையை மூன்று காலத்திலும் வாசிக்க வைத்துவிட்டார்கள். சுரங்களை வட்டமாக அடுக்கி, கடைசிச் சுரத்துக்குப் பிறகு தானே முதலுக்குத் திரும்பச் செய்யும் ஏற்பாடும் அதில் உண்டு. அதன் பெயரே வளையம். மாதரி நிறுத்திய ஏழு பெண்களும் எங்கள் நினைவுக்கு வந்தார்கள்.

பாடகர் குழுவினர் மியூஸ்ஸ்கோரையும் விடக்கூடாது என்று மன்றாடி, இரண்டு கணிப்பொறிகளில் மட்டும் அதை ஏற்றிக்கொள்ள அனுமதி பெற்றுவிட்டார்கள். ஆறாம் ஏழாம் வகுப்புகளுக்கு, இணையம் இருக்கும் நாளில், சாங் மேக்கர். ஒரே மென்பொருளைச் சொல்லுங்கள் என்று கேட்ட ஆசிரியையிடம் நாங்கள் மூன்றைச் சொன்னோம். அவர்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்கள்.

ஒப்பம் வாங்கிய அன்று மாலை எங்களுக்கு இன்னொன்று தோன்றியது. சோனிக் பையில் முழு எண்தான் எழுத வேண்டும் என்பதில்லை. 60க்கும் 61க்கும் நடுவே 60.5 என்று எழுதலாம். சமப் படியில் சரிபாதி. அதாவது பண்டிதர் சொன்ன 24இல் ஒன்று! நூறாண்டுகளுக்கு முன் மடக்கை அட்டவணையில் அவர் தேடிய ஒலி, 60.5 என்று அடித்தவுடன் ஒலிபெருக்கியில் கேட்டது. மெல்லிய, சற்று உறுத்தலான ஒலி. 60இலிருந்து 72 வரை அரை அரையாக ஏற்றி 24 சுருதிகளையும் வரிசையாகக் கேட்டோம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லவைக்கும் கட்டளையும் அதில் இருக்கிறது. தோடியின் காந்தாரத்தை அதைக்கொண்டு அசைத்துப் பார்த்தோம்.

எங்கள் வீணைக்காரி மறுநாள் சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்குத் தன் வீணையையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். மெட்டின்மேல் விரலை வைத்துத் தந்தியை ஓரமாக இழுத்துக் காந்தாரத்தை வாசித்தாள். அதன்பின் நாங்கள் கணிப்பொறியை வாசிக்க வைத்தோம். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். கிட்டத்தட்ட வந்துவிட்டது, ஆனால் அசைவு ஒரே அளவாக இருக்கிறது, மனிதர் அப்படி அசைக்க மாட்டார்கள் என்றாள். எண்ணைச் சற்று மாற்றினோம். இன்னும் இல்லை என்றாள். மறுபடி மாற்றினோம். மணி அடித்துவிட்டது. நாங்கள் வைத்த கடைசி எண்களைப் பலகையில் எழுதி, அழிக்க வேண்டாம் என்றும் எழுதிவிட்டு வந்திருக்கிறோம்.